ஃப்ளாக் ஒன்று, ஃப்ளாக் இரண்டு: கடிகாரத்துக்கு ஒரு படிவம்

படிவம் தயாரிக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தார் "வயது" என்று எழுதி ஒரு கட்டம் போடுவார்கள். இன்னொரு ரகத்தார் "பிறந்த தேதி" என்று கேட்பார்கள். முதல் படிவம் கோப்பில் சேர்ந்த அடுத்த வருடமே பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். இரண்டாவது படிவம் நாற்பது வருடம் கழித்து ஓய்வூதியக் கணக்குப் போடும்போதும் உண்மையே சொல்லும். வாழ்நாளில் பெரும்பகுதியைப் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் இது வயது கேட்கிற ரகமா, பிறந்த தேதி கேட்கிற ரகமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சில மாதங்களாக ஒரு வினோதமான படிவத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கணினிகளுக்கு நேரம் சொல்லும் மென்பொருளோடு ஒரு நிஜக் கடிகாரத்தை, அதாவது ஜிபிஎஸ் கருவி போன்ற ஒன்றை, இணைக்கும்போது நிரப்ப வேண்டிய சில வரிகள் அவை. மனிதர் நிரப்பும் படிவம்தான். மை மட்டும் கிடையாது. அதை வடிவமைத்தவர்கள் மேதைகள், சந்தேகமில்லை. ஆனால் படிவம் வயது கேட்கிற ரகம். அதை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த வேலை என்று நினைப்பவர்களுக்காக விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தர்மபுரிப் பக்கம் ஒரு தனியார் நிறுவனம், பெயர் வேண்டாம். விரல் ரேகை வைத்து வருகைப் பதிவு. துப்புரவு வேலை செய்கிற பெண்களுக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட். முதல் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி ஓடி வந்து விரலை வைத்தால் மிஷினில் 6.03 என்று விழும். கையில் இருக்கிற செல்போனில் மணி 5.56. மூன்று தடவை தாமதம் என்றால் அரை நாள் கூலி போய்விடும். ஒரு பெண் செல்போனையும் மிஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார். "மிஷின் எப்படிம்மா பொய் சொல்லும்?" என்று மேற்பார்வையாளர் கேட்டாராம்.

மிஷின் பொய் சொல்லியது. அங்கே கணினிப் பிரிவில் வேலை செய்கிற என் தம்பி மகன்தான் தோண்டி எடுத்தான். வருகை மிஷின்கள் எல்லாம் ஒரு சர்வரிடம் நேரம் கேட்கும். அந்தச் சர்வர் இணையத்தில் வேறு இடத்தில் கேட்கும். எட்டு மாதத்துக்கு முன் பாதுகாப்புக்காக எதையோ மாற்றியபோது வெளியே கேட்கிற வழி அடைபட்டுப் போயிற்று. சரி, வழி அடைபட்டால் சர்வர் "எனக்கு நேரம் தெரியாது" என்றுதானே சொல்ல வேண்டும்? சொல்லவில்லை. காரணம், அதன் அமைப்புக் கோப்பில் யாரோ எந்தக் காலத்திலோ போட்டு வைத்த ஒரு வரி. அதில் 127.127.1.0 என்று ஒரு எண். பார்க்க இணைய முகவரி மாதிரி இருக்கும். உண்மையில் அதற்கு அர்த்தம்: "வேறு யாரும் கிடைக்காவிட்டால் உன் சொந்தக் கடிகாரத்தையே ஆதாரக் கடிகாரமாக வைத்துக்கொள், கேட்கிறவர்களுக்கும் அப்படியே சொல்."

கணினிக்குள் இருப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகுவது அதற்குச் சர்வ சாதாரணம். ஒரு நாளைக்கு 86,400 நொடி. கணக்குப் போட்டால் தினமும் 1.7 நொடி. எட்டு மாதத்தில் ஏழு நிமிடம். தன் கைக்கடிகாரத்தைத் தானே பார்த்துத் தானே சான்றளித்துக்கொண்ட அதிகாரி மாதிரி அந்தச் சர்வர் நடந்துகொண்டிருக்கிறது.

கடைசி இரண்டு மாதம் பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு முந்திய மாதங்களுக்கு இல்லை. எந்த நாளில் எத்தனை நொடி பிசகு என்று காட்ட ஒரு பதிவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். படிகம் ஒரே சீராகப் பிசகியிருந்தால் நான்காவது மாதமே மூன்றரை நிமிடம் வந்திருக்கும். அதை நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். தாள் எங்கே போயிற்றோ.

அந்த ஒற்றை வரிதான் என்னை இதில் இழுத்துவிட்டது. 127.127.1.0 என்று எழுதுவதற்குப் பதில் "சொந்தக் கடிகாரத்தை நம்பு" என்று நல்ல வார்த்தையில் எழுதும்படி அந்தப் படிவம் கேட்டிருந்தால், அதைப் பார்க்கிற இரண்டாவது ஆளாவது நின்று யோசித்திருப்பான். எண் யாரையும் நிறுத்தாது. குற்றப்பிரிவு எண் மாதிரி, தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும்.

இனி அந்தப் படிவத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கணினிகள் நேரம் கேட்டுக்கொள்ளும் முறைக்கு என்டிபி என்று பெயர். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் உருவாக்கியது. 1985இல் முதல் வடிவம் வெளிவந்தது. அவர் 2024 ஜனவரியில் காலமானார். உலகத்தில் இன்று ஏறக்குறைய எல்லாக் கணினியும் ஏதோ ஒரு விதத்தில் அவருக்குக் கடன்பட்டது. கீழே உள்ள கணினி மேலே உள்ளதைக் கேட்கும், அது அதற்கு மேலே கேட்கும். நம் அலுவலகங்களில் கோப்பு மேலே போகிற மாதிரிதான். உச்சியில் இருக்கிற கணினி யாரையும் கேட்க முடியாது. அதோடு ஒரு நிஜக் கடிகாரம் இணைந்திருக்கும்: அணுக் கடிகாரம், அல்லது வானொலிக் கடிகாரம், அல்லது இப்போது மலிவாகக் கிடைக்கிற ஜிபிஎஸ் கருவி.

ஜிபிஎஸ் கருவி இரண்டு விஷயம் சொல்லும். ஒன்று, "இப்போது இத்தனை மணி, இத்தனை நிமிடம், இத்தனை நொடி" என்று எழுத்தில் ஒரு வாக்கியம். இது ஒரு கம்பி வழியாக எழுத்து எழுத்தாக வருவதால், வந்து சேரும்போது அந்த நொடியில் ஒரு பகுதி ஏற்கெனவே ஓடிப்போயிருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு நொடி பிறக்கும்போதும் ஒரு மின் துடிப்பு. இது மிகத் துல்லியம், மைக்ரோநொடிக்குள் நிற்கும். ஆனால் எந்த நொடி என்று சொல்லாது. பழைய நகராட்சிச் சங்கு ஞாபகம் இருக்கிறதா? சங்கு ஊதிய கணம் சரியான கணம், ஆனால் அது எட்டு மணிச் சங்கா, பன்னிரண்டு மணிச் சங்கா என்று சங்குக்குத் தெரியாது. திண்ணையில் இருக்கிற தாத்தா "எட்டு மணிச் சங்கு ஊதிட்டான்" என்று சாவகாசமாகச் சொல்ல வேண்டும். சங்கும் வேண்டும், தாத்தாவும் வேண்டும். இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் அந்தப் படிவத்தின் வேலை.

மில்ஸின் மென்பொருளில் இதை எப்படி எழுத வேண்டும் என்று பாருங்கள். கருவியின் வகைக்கு ஓர் எண்: ஜிபிஎஸ் வாக்கியம் பேசுகிற கருவி 20ஆம் வகை. ஆகவே முகவரி 127.127.20.0. அடுத்து "மோட் 17" என்று ஒரு சொல். பதினேழு என்ன பதினேழு? கருவி பலவித வாக்கியங்கள் அனுப்பும். அதில் ஒரு வகைக்கு 1, இன்னொன்றுக்கு 2, மற்றொன்றுக்கு 4, நான்காவதற்கு 8. கம்பியின் வேகம் 9600 என்றால் 16. முதல் வாக்கியமும் 9600 வேகமும் வேண்டும் என்றால் ஒன்றும் பதினாறும் பதினேழு. இது படிவமா, புதிர்ப் போட்டியா? இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டாம் வகை வாக்கியத்தில் மணி இருக்கும், தேதி இருக்காது. 17 என்பதை 18 என்று எழுதிவிட்டால் தேதி தெரியாத தாத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்தது போல் ஆகும். எழுதியவனுக்கும் தெரியாது, சரிபார்ப்பவனுக்கும் தெரியாது. பதினேழும் பதினெட்டும் பார்க்க ஒரே மாதிரிதானே.

அதற்கடுத்த வரி "ஃபட்ஜ்" என்று ஆரம்பிக்கும். பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் படித்தது பிரெஞ்சு மீடியம்; ஆங்கிலம் எனக்கு வேலைக்கு வந்த பிறகு கோப்புகளில் கற்றது. இந்தச் சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மிட்டாயின் பெயர். இன்னொரு அர்த்தம், கணக்கை எப்படியோ சரிக்கட்டுவது. நம் ஊரில் "ஒப்பேற்றுவது" என்போமே, அதேதான். பிரெஞ்சில் "கூ தெ பூஸ்" என்பார்கள், கட்டைவிரலால் ஒரு தள்ளு. இந்த ஒப்பேற்றும் வரியில் டைம்1, டைம்2 என்று இரண்டு கட்டம். ஃப்ளாக்1 முதல் ஃப்ளாக்4 வரை நான்கு கட்டம். கட்டங்களுக்குத் தலைப்பு கிடையாது. கருவிக்குக் கருவி அர்த்தம் மாறும்.

20ஆம் வகைக் கருவியில் ஃப்ளாக்1 என்றால் "நொடித் துடிப்பைப் பயன்படுத்து". 28ஆம் வகையில், அதாவது இன்னொரு நிரல் நினைவகத்தில் வைத்துவிட்டுப் போகும் நேரத்தை எடுத்துக்கொள்ளும் வகையில், அதே ஃப்ளாக்1 என்றால் "நேரம் எவ்வளவு தூரம் வித்தியாசப்பட்டாலும் பரவாயில்லை, சோதிக்காதே". 20இல் டைம்2 என்பது வாக்கியம் வந்து சேரும் தாமதத்துக்கான திருத்தம். 28இல் டைம்2 என்பது எவ்வளவு வித்தியாசம் வரை ஒப்புக்கொள்ளலாம் என்ற எல்லை. 22இல் டைம்2க்கு வேலையே இல்லை. ஃப்ளாக்4 இன்னும் வேடிக்கை. ஒன்றில் அது கருவி இருக்கிற இடத்தை மறைக்கும், மற்றொன்றில் குறிப்பேட்டில் எழுதச் சொல்லும். நம் மாவட்டத்தில் யாராவது ஒரு எழுத்தர் இப்படி ஒரு படிவம் தயாரித்து, "மூன்றாவது கட்டம்: வருவாய்த்துறை என்றால் சர்வே எண், சுகாதாரத்துறை என்றால் ரத்த வகை" என்று போட்டிருந்தால் அன்று மாலையே மெமோ வந்திருக்கும்.

மில்ஸ் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். நிஜக் கடிகாரத்துக்கும் ஒரு முகவரி கொடுத்துவிட்டால், மென்பொருளின் மற்ற பகுதிகள் அதை இன்னொரு சர்வராகவே நினைத்துக்கொள்ளும். ஒரே கணக்கு, ஒரே கண்காணிப்பு, தனி ஏற்பாடு வேண்டாம். 127 என்று ஆரம்பிக்கும் முகவரிகள் கணினியை விட்டு வெளியே போகாதவை. ஆகவே யாருடைய வீட்டு எண்ணையும் திருடியதாக ஆகாது. நாற்பதுக்கும் மேற்பட்ட கருவி வகைகள் சேர்ந்துகொண்டே வந்த காலத்தில், ஒவ்வொன்றுக்கும் புதுச் சொல் கண்டுபிடித்து அதைப் படிக்க நிரலையும் திருத்துவதைவிட, நான்கு பொதுக் கட்டங்களைக் கொடுத்துவிடுவது சுலபம். எங்கள் அலுவலகத்திலும் பழைய பதிவேடுகளில் "குறிப்புகள்" என்று கடைசிப் பத்தி ஒன்று காலியாக இருக்கும். எல்லாவற்றையும் அதில்தான் திணிப்போம். எழுதுகிறவனுக்கு அது சௌகரியம். இருபது வருடம் கழித்துப் படிக்கிறவனைக் கேளுங்கள்.

இந்த இடத்தில் என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு கை கொடுக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸ் ரயில் நிலையங்களில் ஒரு வழக்கம் இருந்தது. நிலையத்தின் வெளிச்சுவரில் இருக்கிற கடிகாரம் பாரிஸ் நேரம் காட்டும். உள்ளே நடைமேடையில் இருக்கிற கடிகாரம் ஐந்து நிமிடம் மெதுவாக வைக்கப்பட்டிருக்கும். ரயில்கள் உள்கடிகாரப்படி புறப்படும். தாமதமாக வருகிற பயணிக்கு ஐந்து நிமிடம் சலுகை! நம் வீடுகளில் கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் வேகமாக வைக்கிறோமே, அதன் தலைகீழ். நல்ல மனதோடு செய்த ஒப்பேற்றல்தான். ஆனால் ஊர்க்காரனுக்கு அது தெரியும், வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. தெரிந்தவன் தெரிந்ததனாலேயே இன்னும் ஐந்து நிமிடம் தாமதமாக வருவான்.

இன்னொரு ஒப்பேற்றலையும் பாருங்கள். உலகமே கிரீன்விச் நேரத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோது, பிரான்சுக்கு அந்த ஆங்கிலப் பெயரை வாயால் சொல்ல மனம் வரவில்லை. 1911 மார்ச் 9ஆம் தேதிச் சட்டம் என்ன செய்தது தெரியுமா? பிரான்சின் சட்டப்படியான நேரம் என்பது பாரிஸ் சராசரி நேரத்தை 9 நிமிடம் 21 நொடி பின்தள்ளியது என்று எழுதியது. அது கிரீன்விச் நேரமேதான்! கிரீன்விச் என்ற சொல் மட்டும் இல்லை. 1978 ஆகஸ்டில் புது ஆணை வரும்வரை அறுபத்தேழு வருடம் அப்படியே இருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் வீம்பைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். ஒரு குமாஸ்தாவின் கண்ணுக்கு அந்தச் சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. எதிலிருந்து திருத்தம்? பாரிஸ் சராசரி நேரத்திலிருந்து. எவ்வளவு? 9 நிமிடம் 21 நொடி. எந்தப் பக்கம்? பின்னால். என்றைக்கு? மார்ச் 9. நூறு வருடம் கழித்தும் எவனும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ரயில் நிலையத்தின் ஐந்து நிமிடமும் சட்டத்தின் ஒன்பது நிமிடமும் இரண்டுமே கட்டைவிரல் தள்ளுதான். ஒன்று சுவருக்கு உள்ளே ஒளிந்திருந்தது, மற்றது எழுத்தில் இருந்தது.

நமக்கும் ஒரு ஒன்பது நிமிடம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் ஏற்பட்ட மெட்ராஸ் வானாய்வகத்திலிருந்து எடுத்த மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சைவிடச் சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். இந்திய ரயில்களெல்லாம் வெகு காலம் அதில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி வந்தது. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் சொந்த நேரத்தை விடவில்லை. தர்மபுரியில் இன்றும் சூரியன் உச்சிக்கு வருவது, வருடச் சராசரியில், நம் கடிகாரத்தில் 12 மணி 17 நிமிடத்துக்கு. இந்தப் பதினேழு நிமிடம் யாருக்கும் அநியாயம் செய்வதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு, எழுத்தில் உள்ளது. துப்புரவுப் பெண்களின் ஏழு நிமிடம் அப்படிப்பட்டதல்ல.

ஆக, படிவத்தில் நான் கேட்பது இதுதான். திருத்தத்தைக் கேட்காதே, உண்மையைக் கேள். டைம்1இல் என்ன எண் போடுவது என்று கேட்டால், எவனோ ஒரு ஊரில் எவனுடைய கருவிக்கோ போட்ட எண்ணை நகலெடுத்துப் போடுவார்கள். கூட்டலா கழித்தலா என்ற சந்தேகம் வேறு. அதற்குப் பதில் "கூரையிலிருந்து வரும் கேபிளின் நீளம் எத்தனை மீட்டர்?" என்று கேள். சாதாரணக் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 5 நானோநொடி தாமதம். அதைக் கழிக்க வேண்டுமா கூட்ட வேண்டுமா என்பது நிரலின் தலைவலியாக இருக்கட்டும். கம்பியின் வேகம் என்ன என்று கேள், எந்த வாக்கியம் என்று பெயர் சொல்லிக் கேள். துடிப்பின் ஏறுமுகமா இறங்குமுகமா என்று கேள். கேபிள் நீளம் பிறந்த தேதி மாதிரி. கருவி மாறினாலும் மென்பொருள் மாறினாலும் அது மாறாது.

இரண்டாவது, பிசகு வேறு, ஐயம் வேறு. தாத்தா எப்போதும் கால் நொடி தாமதமாகச் சொல்கிறார் என்றால் அது பிசகு, கழித்துக்கொள்ளலாம். ஒருநாள் கால் நொடி, ஒருநாள் அரை நொடி என்றால் அது ஐயம். கழிக்க முடியாது, நம்பிக்கையைத்தான் குறைத்துக்கொள்ள முடியும். க்ரோனி என்ற இன்னொரு மென்பொருள் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. ரிச்சர்ட் கர்னோ என்பவர் ஆரம்பித்தது. இன்று பல லினக்ஸ் கணினிகளில் இதுதான் இருக்கிறது. அதில் எண் முகவரி கிடையாது. கடிகாரத்தை வகைப் பெயர் சொல்லி எழுதலாம். நேரத்தை நகர்த்துவதற்கு "ஆஃப்செட்", ஐயத்தை அகலப்படுத்துவதற்கு "டிலே" என்று தனித்தனிச் சொல். "இந்தத் துடிப்புக்கு அந்த வாக்கியத்தைத் துணை வை" என்பதற்கு "லாக்". எனக்கு மிகவும் பிடித்தது "நோசெலக்ட்": கடிகாரத்தைக் கவனி, பதிவு செய், ஆனால் அதன் பேச்சைக் கேட்காதே. புதிதாகச் சேர்ந்த உதவியாளரை ஆறு மாதம் இப்படித்தானே வைத்திருப்போம்! ஆனால் அங்கும் ஆஃப்செட்டின் கூட்டல் கழித்தலைப் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. "பின்தள்ளியது" என்று திசையைச் சொல்லிலேயே வைத்த 1911ஆம் வருடத்துச் சட்டம் இதைவிட மேல்.

மில்ஸின் மென்பொருளிலிருந்தே 2015இல் பிரிந்து போன என்டிபிசெக் குழுவினர் பாதி வேலை செய்தார்கள். 127.127 போயிற்று, கடிகாரத்தின் பெயரை எழுதலாம். கம்பியின் வேகத்துக்கும் இடத்துக்கும் தனிச் சொற்கள் வந்தன. டைம்1, டைம்2, நான்கு ஃப்ளாக்குகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. பழைய கோப்புகள் ஓடாமல் போய்விடக் கூடாது என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு வழி உண்டு. அரசாங்கத்தில் புதுப் படிவம் வந்தால் பழைய படிவத்தையும் சில வருடம் வாங்கிக்கொள்வோம், அச்சடிப்பது மட்டும் புதியதை.

சிலர் கேட்பார்கள்: இதையெல்லாம் படிவத்தில் கேட்பானேன், மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளாதா? அப்படிச் செய்த ஒரு கதை சொல்கிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தை 1024 வரைதான் எண்ணும். பிறகு மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. இதைச் சமாளிக்க ஜிபிஎஸ்டி என்ற நிரலுக்குள் தானாகத் திருத்திக்கொள்ளும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கின் அனுமானம் தவறாகி, 2021 அக்டோபர் 24 அன்று அந்த நிரலின் சில பதிப்புகள் தேதியை 2002 மார்ச்சுக்குக் கொண்டுபோகும் நிலை வந்தது. முன்கூட்டியே கண்டுபிடித்து எச்சரித்ததால் பலர் தப்பித்தார்கள். தானாகத் திருத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. திருத்தியதை ஒரு வரியில் எழுதி வை என்கிறேன். ரயில் நிலையத்து உள்கடிகாரம் ஆகிவிடாதே.

வருகை மிஷினுக்கு நானோநொடி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தேவையில்லைதான், நொடி போதும். ஆனால் அதே மென்பொருள், அதே படிவம்தான் வேறு இடங்களுக்கும் போகிறது. மின்சாரம் ஒரு சுற்று சுற்ற 20 மில்லிநொடி. அதில் ஒரு டிகிரி என்பது சுமார் 55 மைக்ரோநொடி. தொலைவில் உள்ள இரண்டு துணைமின் நிலையங்களின் அளவீடுகளை ஒப்பிட வேண்டுமானால் கடிகாரங்கள் அதைவிட நன்றாக ஒத்துப்போக வேண்டும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் போனபோது, எது முதலில் விழுந்தது, எது அடுத்து விழுந்தது என்று வரிசைப்படுத்த விசாரணைக் குழு வெகுவாகச் சிரமப்பட்டது. பதிவுகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. ஜிபிஎஸ்ஸும் பிசகும்: 2016 ஜனவரி 26 அன்று சில செயற்கைக்கோள்கள் 13 மைக்ரோநொடித் தவறு ஒன்றை ஒலிபரப்பின. நம் நாவிக் செயற்கைக்கோள்களில் வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் சில பழுதான பிறகு, 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01இல் உள்நாட்டிலேயே செய்த ருபிடியம் கடிகாரம் வைத்தார்கள். ஒரே ஒரு கடிகாரத்தை நம்பாமல் இரண்டு மூன்றை வைத்துக்கொள்கிற காலம் இது. இரண்டு மூன்று என்றால் எதை எவ்வளவு நம்புவது என்ற கட்டமும் தலைப்போடு வேண்டும்.

நம் அரசாங்கம் இதில் பாதி வழி வந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 28இல் செர்ட்-இன் உத்தரவு வந்தது: நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் நேரத்தை தேசிய தகவலியல் மையத்தின் சர்வரோடோ, டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரோடோ, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வரோடோ ஒத்திசைக்க வேண்டும். 2025 ஜனவரியில் இந்தியத் திட்ட நேரத்தை மட்டுமே சட்ட, வணிக, நிர்வாகக் காரியங்களுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் கீழ் வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். எங்கிருந்து நேரம் வாங்க வேண்டும் என்று இரண்டும் சொல்கின்றன. நல்லது. வாங்கியதை வழியில் எவ்வளவு தள்ளினாய், ஏன் தள்ளினாய், வழி அடைபட்டபோது என்ன செய்தாய் என்று எழுதி வைக்கச் சொல்லவும் வேண்டும். காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரையும் சான்றிதழும் கேட்கிற துறைதான் அது. கூலி அறுக்கிற கடிகாரத்துக்கு ஒரு பதிவேடு கேட்பது அதிகமில்லை. சொந்தக் கடிகாரத்தை ஆதாரமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை, கூலியைத் தீர்மானிக்கிற மிஷின்களில் தடை செய்யலாம் என்றுகூடச் சொல்வேன். நேரம் தெரியாவிட்டால் தெரியாது என்று மிஷின் சொல்லட்டும். அன்றைக்குக் கையெழுத்து நோட்டு வைத்துக்கொள்ளலாம், வானம் இடிந்துவிடாது.

தம்பி மகன் அந்த நிறுவனத்தின் மொட்டை மாடியில் ஜிபிஎஸ் ஆன்டெனா வைத்துவிட்டான். க்ரோனிதான் போட்டிருக்கிறான், 127.127.1.0 ஒழிந்தது. கேபிள் 22 மீட்டர், அதாவது 110 நானோநொடி. வருகைப் பதிவுக்கு இது வேண்டியதில்லை என்றாலும் அமைப்புக் கோப்பில் ஒரு குறிப்பு வரியில் எழுதச் சொன்னேன். கேபிள் நீளம், அளந்த தேதி, வாக்கியத்தின் தாமதம் எத்தனை மில்லிநொடி என்று எப்படிக் கண்டான் என்பது, எல்லாம் எழுதினான். சுருக்கொப்பம் எங்கே என்று கேட்டேன். "பெரியப்பா, கோப்பை யார் மாத்தினாங்கன்னு கம்ப்யூட்டரே எழுதி வச்சுக்கும்" என்றான். எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துப் போட்டான்.